பீன்யாவின் கொட்டகைகள்: பட்டதாரிப் பயிற்சியாளர் நேர்காணலின் முன்வரலாறு

பெங்களூரின் வடமேற்கில், தும்கூர்ச் சாலையை ஒட்டி விரியும் பீன்யா தொழிற்பேட்டைக்கு 2014 மார்ச் முதல் மெட்ரோ ரயில் செல்கிறது. காலை நேரத்தில் அதிலிருந்து இறங்கும் கூட்டத்தில் இளம் பொறியியல் பட்டதாரிகளை அடையாளம் காண்பது எளிது: கையில் கோப்பு, அதனுள் சான்றிதழ் நகல்கள், அன்றைக்கென்று தேய்த்து உடுத்திய சட்டை. அவர்களுள் சிலர் செல்வது ‘சுழற்சிப் பயிற்சி’ நேர்காணலுக்கு. தேர்வாகும் பட்டதாரி ஓரிரு ஆண்டுகள் வடிவமைப்பு, உற்பத்தி, தரக்கட்டுப்பாடு, விற்பனை எனப் பல துறைகளில் சில மாதங்கள் வீதம் பணியாற்றுவார். அதன் முடிவில் ஏதேனும் ஒரு துறையில் நிலைபெறுவார்.

இந்த ஏற்பாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் நேர்காணலில் வெல்வது எப்படி என்பதோடு முடிந்துவிடுகிறது. அதன் வரலாற்றைப் பார்த்தால் வேறொரு கேள்வி எழும். அரைமணி நேர உரையாடலால் அறிய முடியாததை அறிந்துகொள்வதற்காகவே சுழற்சிப் பயிற்சி என்னும் முறை தோன்றியது. அப்படியிருக்க, இன்று அதற்குள் நுழைவதற்கான வாயிலாக அதே உரையாடல் எவ்வாறு அமைந்தது?

*சோதனைத் தளத்தில் பிறந்த முறை*

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மின்பொறியியல் புதிய துறை. பல்கலைக்கழகங்கள் அதில் பட்டம் வழங்கத் தொடங்கியிருந்தன. ஆனால் பெரிய மின்னாக்கியொன்றைக் கண்ணால் கண்ட மாணவர் அரிது. அமெரிக்காவின் ஸ்கெனெக்டடி நகரில் இயங்கிய ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் இதற்கு ஒரு வழி கண்டது. கல்லூரியிலிருந்து வந்த இளைஞர்களைத் தன் சோதனைத் தளத்தில் இறக்கியது. மின்மாற்றி, மோட்டார், மின்னாக்கி, மின்விசைப் பலகை என ஒவ்வொரு பிரிவிலும் சில மாதங்கள் நின்று, வெளியே அனுப்பப்படவிருக்கும் இயந்திரங்களை அவர்கள் சோதிக்க வேண்டும். ‘டெஸ்ட்’ என்றே அப்பயிற்சி வழங்கப்பட்டது. பெயரில் ஒரு இரட்டைப் பொருள் உண்டு. இயந்திரம் சோதிக்கப்பட்ட அதே இடத்தில் இளைஞரும் சோதிக்கப்பட்டார்.

இங்கிலாந்தின் மான்செஸ்டரை அடுத்த டிராஃபோர்டு பார்க்கில் இயங்கிய பிரிட்டிஷ் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் இதையொத்த ‘கல்லூரிப் பழகுநர்’ திட்டத்தை வளர்த்தது. 1919இல் மெட்ரோபாலிட்டன் விக்கர்ஸ் எனப் பெயர் மாறிய பிறகும் அது தொடர்ந்தது. பின்னாளில் அணுக்கருவைப் பிளந்து நோபல் பரிசு பெற்ற ஜான் காக்கிராஃப்ட், 1920களின் தொடக்கத்தில் அங்கே 2 ஆண்டுகள் பழகுநராக இருந்தவர். உயர் மின்னழுத்தத்தைக் கையாளும் திறன் அவருக்கு ஆய்வுக்கூடத்தில் மட்டும் வாய்க்கவில்லை. தொழிற்சாலைத் தளமும் அதைக் கற்றுக்கொடுத்தது.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு முயற்சி நடந்தது. கல்லூரிப் பட்டதாரிகளுக்குப் பொது அறிவு போதவில்லை என்று கருதிய தாமஸ் ஆல்வா எடிசன், தம்மிடம் வேலை கேட்டு வந்தவர்களுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வினாக்கள் கொண்ட தாளொன்றைக் கொடுத்தார். வோல்கா ஆறு எங்கே இருக்கிறது, மண்ணெண்ணெய்ப் பீப்பாய் எந்த மரத்தால் செய்யப்படுகிறது என்பன போன்ற வினாக்கள் அதில் இருந்தன. 1921 மே மாதத்தில் அவை செய்தித்தாள்களில் வெளியாகிப் பெரும் விவாதத்தைக் கிளப்பின. அப்போது அமெரிக்காவில் சுற்றுப்பயணத்தில் இருந்த ஐன்ஸ்டீனிடம் ஒலியின் வேகம் என்ன என்று கேட்கப்பட்டது. நூலில் உள்ளதைத் தாம் நினைவில் சுமப்பதில்லை என்னும் பொருளில் அவர் பதிலளித்தார்.

ஆக, இரண்டு வழிகள் அருகருகே நின்றன. ஒன்று, ஒருவரை வேலை செய்யவிட்டுப் பார்த்து முடிவெடுப்பது. மற்றொன்று, வினா எழுப்பி, விடையைக் கேட்டு முடிவெடுப்பது. முதலாவதற்குச் செலவு அதிகம், காலம் அதிகம். இரண்டாவதில் முடிவு விரைவில் கிடைக்கும். அது சரியான முடிவுதானா என்பது பின்னரே தெரியும்.

*இந்தியாவுக்கு வந்தபோது*

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் இந்தக் கேள்வி அரசின் கேள்வியாக மாறியது. பீன்யாவின் அண்டைப் பகுதியான ஜாலஹள்ளியில், 1953இல் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸும் 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தொடங்கப்பட்டன. முன்னதற்குச் சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனமும் பின்னதற்கு ஒரு பிரெஞ்சு நிறுவனமும் தொழில்நுட்பம் அளித்தன. இயந்திரங்களைக் கப்பலில் கொண்டுவர முடிந்தது. இயக்கத் தெரிந்தவர்களை அப்படிக் கொண்டுவர முடியாது. அனுபவசாலிகள் இல்லாத நாட்டில் அனுபவம் கேட்டு விளம்பரம் செய்வதில் பயனில்லை என்பதை அக்காலப் பொதுத்துறை நன்றாக உணர்ந்திருந்தது.

தனியார் துறையில் 1956இல் தோன்றிய டாட்டா நிர்வாகப் பணி, இளைஞர்களைக் குழுமத்தின் பல நிறுவனங்களில் சுழலவிட்டு வளர்க்கும் திட்டம். 1957இல் டிராம்பேயில் ஹோமி பாபா நிறுவிய அணுசக்திப் பயிற்சிப் பள்ளி, புதிய பட்டதாரிகளைத் தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்றுவித்து, அதன் பின்னரே பணியில் அமர்த்தியது. இரண்டும் சிறு எண்ணிக்கையினருக்கானவை. பரந்த அளவில் நிகழ்ந்த மாற்றம் சட்டத்தின் வழியே வந்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் ஃபிட்டர், டர்னர் போன்ற தொழில்களைக் கற்போரை மட்டுமே கருத்தில் கொண்டது. 1973இல் செய்யப்பட்ட திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயதாரர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. அவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி. உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு நிறுவனத்துக்குத் திருப்பித் தந்தது. தென் மாநிலங்களுக்கான பொறுப்பு சென்னையில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்திடம் இருந்தது.

இச்சட்டத்தின் முரண்பாட்டுக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன், சட்டத் திருத்தம் உருவாகிக்கொண்டிருந்த அதே நாட்களில் பீன்யாவில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

*1972: அனுபவம் இல்லாதோரின் கொட்டகை*

விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் மறைந்தார். செயற்கைக்கோள் ஒன்றை இந்தியாவிலேயே உருவாக்கும் பொறுப்பை அவர் உடுப்பி இராமச்சந்திர ராவிடம் ஒப்படைத்திருந்தார். 1972 மே மாதத்தில் சோவியத் யூனியனுடன் உடன்பாடு கையெழுத்தானது. ராக்கெட் அவர்களுடையது, செயற்கைக்கோள் நம்முடையது. ஹெச்.ஏ.எல்., பாரத் எலெக்ட்ரானிக்ஸ், இந்திய அறிவியல் கழகம் ஆகியன இருந்த பெங்களூர் பணியிடமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தனிக் கட்டடம் எழுப்பக் காலம் இல்லை. பீன்யா தொழிற்பேட்டையில் கல்நார்க் கூரையிட்ட கொட்டகைகள் வாடகைக்குக் கிடைத்தன. அவற்றுக்குள்ளேயே தூசியற்ற அறையும் சோதனைக்கூடங்களும் அமைக்கப்பட்டன.

ராவ் அமெரிக்காவில் விண்வெளி ஆய்வுக் கருவிகளில் பணியாற்றியவர். அவரையும் மிகச் சிலரையும் தவிர, அங்கே கூடியவர்களில் செயற்கைக்கோள் வேலையில் முன் அனுபவம் உள்ளவர் எவரும் இல்லை. பெரும்பாலோர் இருபதுகளில் இருந்த பொறியாளர்கள். ‘இத்துறையில் முன்பு என்ன செய்திருக்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தால் ஏறத்தாழ எவரும் தேறியிருக்க மாட்டார்கள். நாட்டில் அந்த வேலையே அதுவரை இருந்ததில்லை. தேர்ந்தெடுப்பவர்கள் அறிய முயன்றிருக்கக்கூடியது ஒன்றுதான்: இவர் கற்றுக்கொள்வாரா?

அந்தக் கேள்விக்கான விடை கொட்டகைக்குள் கிடைத்தது. கட்டமைப்பு, வெப்பக் கட்டுப்பாடு, மின்வழங்கல், தொலையளவியல் ஆகியவை தனித்தனிப் பாடங்கள். செயற்கைக்கோளிலோ ஒன்றின் எடை மற்றொன்றின் சிக்கல். ஒன்றின் வெப்பம் மற்றொன்றின் ஆயுள். தம் பகுதியை மட்டும் அறிந்தவர் அங்கே நெடுநாள் நிற்க முடியாது. சுழற்சிப் பயிற்சி என்ற பெயரில் திட்டம் ஏதும் வகுக்கப்படாமலேயே, அதன் நோக்கம் அக்கொட்டகைகளில் நிறைவேறியது. ஏறத்தாழ 3 ஆண்டுகளில், 26 முகங்களும் 360 கிலோ எடையும் கொண்ட ஆரியபட்டா உருவானது. 1975 ஏப்ரல் 19 அன்று கபுஸ்தின் யார் ஏவுதளத்திலிருந்து அது விண்ணை அடைந்தது.

சில நாட்களிலேயே மின்வழங்கலில் ஏற்பட்ட கோளாறால் அதன் அறிவியல் சோதனைகள் நின்றன. செயற்கைக்கோளோடு தொடர்பு மட்டும் நீடித்தது. நேர்காணல் அறையின் அளவுகோலில் இதை அரைத் தோல்வி எனலாம். பயிற்சியின் அளவுகோல் வேறு: கோளாறு எங்கே நேர்ந்தது என்று தேடத் தெரிந்த ஒரு தலைமுறை அங்கே உருவாகிவிட்டது. பாஸ்கரா 1979இலும் ஆப்பிள் 1981இலும் ஏவப்பட்டன. இஸ்ரோவின் தொலையளவியல், தடமறிதல் மற்றும் கட்டளை வலையமைப்பின் தலைமையிடம் இன்றும் பீன்யாவிலேயே இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் கட்டுப்பாட்டு மையமாக விளங்கியது அந்த வளாகம்தான்.

*பெயரில்லாச் சுழற்சி*

பீன்யாவின் பெரும்பான்மை முகம் இதுவன்று. அது சிறு, குறு தொழிற்கூடங்களின் ஊர். வாகன உதிரிபாகங்கள், மோட்டார்கள், இயந்திரக் கருவிகள், மின்முலாம், வார்ப்பு, பொடிப்பூச்சு என ஒரு தெருவுக்குள்ளேயே ஒரு பொருளின் பல கட்டங்கள் நிகழ்கின்றன. சுவிஸ் உதவியுடன் 1959இல் தலச்சேரியை அடுத்த நெட்டூரில் தொடங்கிய என்.டி.டி.எஃப். பயிற்சி நிறுவனம் பின்னாளில் இங்கே தலைமையிடம் கொண்டது. டூல் அண்ட் டை தொழில் கற்கும் மாணவர் அரம் பிடிப்பதில் தொடங்கி, கடைசல், துருவல், சாணை எனப் படிப்படியாக எல்லா இயந்திரங்களையும் கடந்தே தேற வேண்டும்.

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் தொழிற்கூடத்தில் சேரும் பட்டதாரிக்குச் சுழற்சி தானாகவே நேரும். காலையில் வரைபடம் படிப்பார். நண்பகலில் இயந்திரத்தில் அமைப்பு மாற்றுவார். மாலையில் அளவுமானியோடு ஆய்வு செய்வார். மறுநாள் வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய சரக்குக்கு விளக்கம் எழுதுவார். பெரிய நிறுவனம் திட்டமிட்டு உருவாக்க வேண்டிய அனுபவம் இது. ஆயினும் சிறு தொழிற்கூடத்தின் ஓராண்டுக்குச் சான்றிதழ் மதிப்புக் குறைவு. பெரிய நிறுவனத்தின் நேர்காணலில் அது ‘முறைப்படியான பயிற்சி’ என எண்ணப்படுவதில்லை. கற்றது எவ்வளவு என்பதைவிடக் கற்ற இடத்தின் பெயர்ப்பலகை முந்திக்கொள்கிறது.

*வாயிலில் நின்றவர்கள்*

சுழற்சி என்றால் எல்லாத் தளங்களிலும் நிற்பது. எல்லா ஷிப்டிலும் நிற்பது. இதனாலேயே அது நெடுங்காலம் ஆண்களுக்குரியதாக இருந்தது. 1974இல் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் முதுநிலை மாணவியாக இருந்த சுதா குல்கர்னி, டெல்கோ நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றைக் கண்டார். இளம் பொறியாளர்கள் தேவை என்ற அந்த விளம்பரம், பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம் என்றும் குறிப்பிட்டிருந்தது. அவர் ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதியதும், புனேயில் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டதும், தொழில்நுட்பக் கேள்விகள் அனைத்துக்கும் விடையளித்துப் பணி பெற்றதும் பின்னர் சுதா மூர்த்தி என்னும் பெயரில் அவரே எழுதிப் பரவலாக அறியப்பட்ட செய்தி.

அதில் வரலாற்று மாணவர் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. தேர்வுக்குழுவினர் அவரது திறமையை ஐயுறவில்லை. தொழிற்சாலைத் தளத்தில் அதுவரை பெண்களைப் பணியமர்த்தியதில்லை என்பதே அவர்கள் கூறிய காரணம். சட்டமும் அத்தயக்கத்துக்குத் துணை நின்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பெண்களைத் தொழிற்சாலையில் வேலை வாங்குவதைத் தடுத்தது. பாதுகாப்பை நோக்கமாகக் கொண்ட அந்த விதி, சுழற்சியின் ஒரு பாதியைப் பெண்களுக்கு மூடியது. பாதிச் சுழற்சி செய்தவர் முழுப் பொறுப்புக்கு உரியவராகக் கருதப்படுவது அரிது. வசந்தா என்பார் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் அத்தடையைச் செல்லாது என அறிவித்தது. அதற்குள் அரை நூற்றாண்டு கடந்துவிட்டிருந்தது. அவ்வளவு காலமும் பெண்களை வடிகட்டியதில் நேர்காணலின் பங்கு சிறிது. பயிற்சியின் வடிவமே அவர்களைத் தடுத்து நிறுத்தியது.

*உரையாடலுக்கு எத்தனை மதிப்பெண்?*

நேர்காணலை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியை இந்திய நீதிமன்றங்கள் கல்லூரிச் சேர்க்கை வழக்குகளில் நேரடியாகச் சந்தித்தன. மைசூர் மாநிலத்தின் பொறியியல், மருத்துவக் கல்லூரிகளில், விருப்பப் பாட மதிப்பெண்ணில் 25 விழுக்காட்டுக்கு இணையான மதிப்பெண் நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சித்ரலேகா வழக்கில் 1964இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அஜய் ஹாசியா வழக்கில் பார்வை மாறியது. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50 மதிப்பெண். ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு மூன்று நிமிடங்களே ஒதுக்கப்பட்டதாகவும், பெற்றோர் யார், ஊர் எது என்பன போன்ற கேள்விகளே கேட்கப்பட்டதாகவும் மனுதாரர்கள் முறையிட்டனர். மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது என நீதிமன்றம் கூறியது. நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்ற யோசனையும் அத்தீர்ப்பில் உண்டு. 2016 ஜனவரி முதல் மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலே கைவிடப்பட்டது.

தனியார் நிறுவனங்களை இவ்வரம்புகள் கட்டுப்படுத்துவதில்லை. அங்கே கைகொடுக்க வேண்டியது உளவியல் ஆய்வு. ஷ்மிட், ஹண்டர் ஆகியோர் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வும், சாக்கெட்டும் அவரது குழுவினரும் 2022இல் செய்த மறுகணிப்பும் எண்களில் வேறுபடுகின்றன. ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன. மனம்போன போக்கில் நிகழும் உரையாடலைவிட, எல்லோரிடமும் ஒரே வினாக்களைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலால் மதிப்பிடும் நேர்காணல் பின்னாளைய பணித்திறனை நன்றாகக் கணிக்கிறது. அந்தச் சிறந்த கருவியின் தொடர்புக் கெழுவும் 2022 மறுகணிப்பில் 0.42 மட்டுமே. அஃதாவது, மிகச் செம்மையாக நடத்தப்பட்ட நேர்காணலும் விண்ணப்பதாரரைப் பற்றிப் பெரும்பகுதியைச் சொல்லாமல் விடுகிறது. அந்த மீதியை அறிவதற்கென்றே ஸ்கெனெக்டடியில் சோதனைத் தளம் இருந்தது.

*பயிற்சி முடிந்த மறுநாள்*

இப்போது தொழிற்பழகுநர் சட்டத்தின் முரண்பாட்டுக்குத் திரும்பலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பழகுநரைப் ‘பயிற்சி பெறுபவர்’ என்கிறது, ‘தொழிலாளர்’ என்பதில்லை. 22ஆம் பிரிவு, பயிற்சி முடிந்தபின் வேலை தரும் கடமை நிறுவனத்துக்கு இல்லை என்றது. ஓராண்டு முழுவதும் ஒருவரின் கைவேலையைக் கண்ணெதிரே கண்ட நிறுவனம், அவரை அனுப்பிவிட்டு, முன்பின் அறியாத புதியவரை அரைமணி நேரம் பேசி எடுக்கலாம். உத்தரப் பிரதேசச் சாலைப் போக்குவரத்துக் கழகம் தொடர்பான வழக்கில், ஏனைய தகுதிகள் சமமாக இருப்பின் பயிற்சி பெற்ற பழகுநருக்கு முன்னுரிமை தர வேண்டும் என 1995இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம், பழகுநர்களைப் பணியமர்த்துவது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தன் கொள்கையைத் தானே வகுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னது. 2019ஆம் ஆண்டு விதிகள், 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும் என்றன. பட்டதாரிக்குக் குறைந்தபட்ச மாத உதவித்தொகை ரூ. 9,000 என்று வரையறுத்தன.

இதன் விளைவாக ஒரே வளாகத்தில் இருவகைப் பட்டதாரிகள் அருகருகே நிற்கின்றனர். ஒருவர் கடும் நேர்காணலில் தேறிச் சுழற்சிப் பயிற்சியில் சேர்ந்தவர். அவரது பணி முதல் நாளிலேயே உறுதி. மற்றவர் பழகுநர், ஓராண்டு அதே இயந்திரத்தின் முன் நின்றாலும் முடிவில் அவரிடம் எஞ்சுவது ஒரு சான்றிதழ். முதலாமவரிடம் சுழற்சி எதையும் முடிவு செய்வதில்லை. முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாமவரிடம் அது முடிவு செய்ய அனுமதிக்கப்படுவதில்லை. செய்து பார்த்து அறிதல் என்ற மூலக்கருத்து இரு பக்கமும் நழுவிவிடுகிறது.

பீன்யாவின் நேர்காணல் அறையில் அமரும் பட்டதாரி கேட்கத் தக்க கேள்விகள் இவ்வரலாற்றிலிருந்தே கிடைக்கின்றன. எத்தனை துறைகள், ஒவ்வொன்றிலும் எத்தனை மாதங்கள்? ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் மதிப்பிடுபவர் யார்? இறுதித் துறையைத் தேர்ந்தெடுப்பதில் பயிற்சியாளரின் விருப்பத்துக்கு இடமுண்டா? சென்ற ஆண்டின் பழகுநர்களில் எத்தனை பேர் இன்று பணியில் இருக்கிறார்கள்? நேர்காணல் முடியும் வேளையில் ‘உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா?’ என்பது வழக்கமாக வரும் வினா. பெரும்பாலோர் அதற்கு மரியாதை கருதி ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி எழுந்துவிடுகின்றனர்.

1972இல் அதே தொழிற்பேட்டையின் கொட்டகைகளுக்குள் நுழைந்தவர்களிடம் காட்டுவதற்கு அனுபவம் இருக்கவில்லை. அவர்கள் கற்கும்வரை காத்திருக்க ஒரு நிறுவனம் முன்வந்தது. கற்றபின் அவர்களைக் கைவிடவும் இல்லை. ஆரியபட்டாவின் வரலாற்றில் ஏவப்பட்ட நாளைக் கொண்டாடும் வழக்கம் நமக்கு உண்டு. அந்தக் காத்திருப்பின் 3 ஆண்டுகளும் அதே அளவு நினைவுகூரத் தக்கவை.